நீ நிற்கும் இடத்திலிருந்து

ஃபஹாஹீல். இரவு இரண்டு மணி.
சர்வர் அறை இரைச்சலில் பாதி வார்த்தை தொலைய
நிஸ்தாரும் நானும் சண்டை போடுகிறோம்.

"முழுப் பாதையை எழுது" என்கிறார்.
"வேரில் ஆரம்பி. சாய்கோடு, சாய்கோடு, கோப்பு.
படிக்கிறவனுக்குப் புரியும்.
ஒரே வேலைக்கு இரண்டு அழைப்பு
எவன் கேட்டான் கர்னலில்?"

நேற்று நடந்ததைத் திரையில் காட்டுகிறேன்.
நிரல் கோப்புறையைச் சரிபார்த்தது. சரி.
திறக்கப் போனது.
நடுவே ஒரு கண்ணிமைப்பில்
எவனோ அந்தப் பெயரைக் கழற்றி
வேறொரு கோப்புறைக்கு மாட்டிவிட்டான்.
அழிக்கச் சொன்னது பழைய பதிவை,
அழிந்தது இந்த மாதச் சம்பளப் பட்டியல்.

"முதலில் கோப்புறையைப் பிடி.
பிடித்த கையோடு, இங்கிருந்து இன்ன கோப்பு என்று கேள்.
வெளியே பெயர்ப்பலகை மாறினால் மாறட்டும்."

"அதற்கு உள்ளே போய் நின்றே கேட்கலாமே?"

"எட்டு இழை ஓடுகிறது அண்ணே.
ஒன்று இடம் மாறினால் எட்டும் மாறும்.
கேம்ப் பஸ் மாதிரி,
முன்சீட்டுக்காரன் சொன்ன இடத்தில் மொத்தப் பேரும்."

போன் அடித்தது. பரோட்டா.
பிளாக் நான்கு, தெரு இருபத்தொன்று, கட்டடம் பதினேழு:
வேரிலிருந்து பிழையில்லாமல் எழுதியவர் நிஸ்தார்.
மொய்னுல் பதினேழின் முன்தான் நிற்கிறான்.
அது இப்போது பல் ஆஸ்பத்திரி.
போன வாரம் எண்களை மாற்றிவிட்டார்களாம்.

"கட் பண்ணாதே" என்றேன், என் அரைகுறை இந்தியில்.
"பக்கத்தில் என்ன இருக்கிறது?"
நீலத் தண்ணீர்த் தொட்டி.
"அங்கிருந்து இடது. மூன்றாவது கதவு."

வந்தது. ஆறியிருந்தது.
நான் வாய் திறக்கவில்லை;
முகம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

சால்னா பையின் முடிச்சை அவிழ்த்தபடி கேட்டார்:
"நீ பிடித்திருக்கும்போதே
எவனாவது கோப்புறையை அழித்துவிட்டால்?"

கை பிடித்தபடிதான் இருக்கும்.
கேட்டால் ஒன்றும் கிடைக்காது.
எங்கே இருக்கிறாய் என்றால்
சொல்லப் பாதை இருக்காது.

பர்ஸிலிருந்து சிவில் ஐடியை எடுத்துப்
பின்பக்கம் தெரிய மேசையில் போட்டார்.
அந்தக் கட்டடத்தை இடித்து எட்டு மாதம்.
காலி மனையில்
இரண்டாம் மாடியில்
ஆறாம் எண் கதவுக்குள்
இன்னும் குடியிருக்கிறார்.

"இதை எந்த அழைப்பில் திறப்பாய்?"

இரண்டு கையிலும் எண்ணெய்.
தொடாமல் குனிந்து படித்தேன்.