எண்ணெய்ச் சொட்டு

கோரிப்பாளையத்து லேபில்
எனக்குக் கிடைத்தது சீசா கழுவும் வேலை.

மன்னாரில் பதினொரு வருசம்
மலேரியாத் தடுப்பு இயக்கத்தில்
நாளுக்கு அறுபது இரத்தப் படலம் பார்த்தவள்.
சொன்னேன்.
"சர்டிபிகேட் வச்சிருக்கீங்களா?" சேதுநாராயணன் கேட்டார்.
கடலுக்குள்ள இருக்கு, சேர்.
பகிடி என்று நினைத்தாரோ என்னவோ.

ஏழு மாதம்
கழுவிய ஒவ்வொரு சீசாவையும்
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்,
பார்க்க வேறொன்றும் இல்லாததால்.

ஆடி வெள்ளி. டெக்னீசியன் பாண்டிமீனா
குலசாமி கும்பிட உசிலம்பட்டி போய்விட்டாள்.
ஒரு பையனுக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல்.
அவன் அப்பா வாசலில்
ஷேர் ஆட்டோவை அணைக்காமலே நின்றார்.
"பார்த்துருவீங்களா?"
ஓம்.
"என்னது?"
ஆமா சேர், ஆமா.

கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு எண்ணெய்.
லென்ஸ் இறங்கி அதைத் தொட்டது.
கை நடுங்கும் என்று நினைத்திருந்தேன்.
நடுங்கவில்லை.
மங்கல், மங்கல், பிறகு
நீல மோதிரம்,
அதில் பதித்த ஒற்றைச் சிவப்புக் கல்.
நீயா, என்றேன்,
வாய்விட்டு.

இருநூறு வெள்ளணுவுக்கு எத்தனை என்று
முறைப்படி எண்ணி எழுதினேன்.
கையெழுத்து அவர்தான் போட்டார்.
ஓரத்தில் பென்சிலால் நான் எழுதிய
"கொன்சலிற்றா"வை
ரப்பர் பக்கத்தில் இருந்தும் அழிக்கவில்லை.
திங்களிலிருந்து மைக்ரோஸ்கோப், காலையில் மட்டும்;
சீசாவும் நீங்கதான், என்றார்.

ஆறு மணிக்கு ஆனையூர் முகாமில்
தலை எண்ணுவார்கள்.
பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் வந்தேன்,
விரலில் தேவதாரு எண்ணெய் வாசம்
போய்விடுமென்று.