மதகிலிருந்து பனைவரை

முதல் நாள் இருநூற்றுப் பதினேழு.
காவேரிப்பாக்கம் ஏரியில், மதகிலிருந்து
தண்ணீருக்குள் தனியே நிற்கும் பனைவரை
இருநூற்றுப் பதினேழு தடவை துடுப்புப் போட்டேன்.
பாதித் தூரத்தில் படகு என்னைக் கேட்காமல்
இடப்பக்கம் திரும்பி
கருவேலம் புதரைப் பார்த்து நின்றது.

ஏலகிரியில் மூடிய விடுதி ஒன்றின்
ஏலத்தில் எடுத்தது.
பச்சை பிளாஸ்டிக், மூக்கில் ஒட்டுப்போட்ட கீறல்.
துடுப்பு ஒன்றுதான்.
இன்னொன்று எங்கே என்றதற்கு
"இதுக்கு ஒண்ணுதாம்மா" என்றான் லாரிக்காரன்.
எனக்கு நம்பிக்கை வரவில்லை.

தெர்மாகோல் மிதவையில் உட்கார்ந்து
இரண்டு அலுமினியத் தட்டால் தண்ணீரைத் தள்ளி
வலை எடுக்கப் போன ஒருவர்
என்னைச் சுற்றிக்கொண்டு போனார்.
"என்னாம்மா, ஏரிக்கு சோறு ஊட்றியா?"

வாரத்தில் ஆறு நாள்
வேலூர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறேன்.
இழுங்க, பிடிங்க, விடுங்க.
ராணிப்பேட்டையில் ஈரத்தோல் புரட்டிய தோள்கள்,
பீடிக்குக் குனிந்தே வளைந்த கழுத்துகள்,
பிப்ரவரியில் ஒருநாள் என்னுடையதும்.
படம் பிடித்தவள் ஷாஜிதா.
"எலும்புல ஒண்ணுமில்ல.
எல்லாத்தையும் கையாலயே இழுக்கிற, அதான்."

படத்தை ஜன்னலில் வைத்துப் பார்த்தேன்.
இத்தனை வருஷம் பார்த்ததுதான்.
கை ஒரு கொக்கி.
கொக்கியா பாரம் தாங்கும்?
அது அடித்திருக்கும் சுவர்தான் தாங்கும்.

ஞாயிறு விடியலில் படகுக்குள் மண்டியிட்டேன்.
கையை நீட்டவில்லை, விலாவைத் திருப்பினேன்.
வலத்தோள் முன்னே போனது, இடத்தோள் பின்னே.
இரண்டு கையும் தண்ணீருக்கு மேல்,
துடுப்பு கம்பம்போல நேராக.
அலகு முழுசாக முங்கும்வரை பொறுத்தேன்.
பொறுப்பதுதான் கஷ்டம்.
அவசரப்பட்டால் சளப்பென்று தெறிக்கும்,
சத்தம் மட்டும் முன்னே போகும்.

பிறகு, முறுக்கிய ஈரப்புடவை
தானே பிரிவதுபோல்
இடுப்பிலிருந்து பிரிந்தேன்.

ஆற்காடு பஸ்ஸில் கம்பியைப் பிடித்து எழுகிறேன்.
கம்பியா என்னிடம் வருகிறது?
துடுப்பு நட்ட இடத்திலேயே நின்றது.
நானும் படகும் ஒட்டுப்போட்ட மூக்கும்
அதைக் கடந்து போனோம்.

இடுப்பு வந்ததும் விட்டுவிட வேண்டும்.
அதற்கு மேல் இழுத்தால்
தண்ணீரை வாரித் தூக்குகிறோம்,
படகு பின்னால் அமுங்குகிறது.
விட மனசு வரவில்லை.
இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று
நாற்பது தடவை தோற்றேன்.

படகு இன்னும் புதரைத்தான் பார்த்தது.
விடுமுன் மேல்கைக் கட்டைவிரலைக் கீழே சாய்த்து
அலகை வெளியே லேசாகத் தள்ளினேன்.
மேலிருந்து கீழே ஒரு கோடு,
கடைசியில் வலப்புறம் ஒரு சின்னக் கால்:
ட.
ஏரியில் ட எழுதிக்கொண்டே போனேன்.
ட. ட. ட.
ஒவ்வொன்றும் ஒரு சுழியாக
எனக்குப் பின்னால் சுற்றி அழிந்தது.
பனை, மூக்குக்கு நேராக வந்து நின்றது.

நூற்று அறுபத்து நான்கு.

திரும்பும்போது எதிர்க்காற்று.
ட எல்லாம் மறந்து பழையபடி
கையால் பிடித்துக் கரைசேர்ந்தேன்.
அந்தக் கணக்கைச் சொல்ல மாட்டேன்.
தட்டுக்காரர் மதகடியில் கெண்டை பிரித்துக்கொண்டிருந்தார்,
பார்த்தார், இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை.

திங்கள் காலை தோள் வலிக்கவில்லை.
விலா வலித்தது, இரண்டு பக்கமும்,
இருமினால்கூட.
டோக்கன் நாற்பத்திரண்டுக்கும் நாற்பத்துமூன்றுக்கும் நடுவில்
ஷாஜிதாவிடம் சொன்னேன்.
பிளேட்டைச் செருகிக்கொண்டே சிரித்தாள்.
"இப்பதான் சரியான எடத்துல வலிக்குது."