ரூபாவுக்கு ரூபா

பங்குனியில் பிரதேச சபையிலிருந்து கடிதம் வந்தது.
நீங்கள் ஒரு ரூபா சேர்த்தால்
நாங்கள் ஒரு ரூபா போடுவோம்,
புரட்டாதி முப்பதுக்கு முன்னர்,
வங்கிப் புத்தகப் பிரதியோடு.
கீழே தவிசாளரின் கையொப்பம்
எண்ணெய் வைத்த மீசையாய் இரு பக்கமும் வளைந்திருந்தது.

தம்பிலுவில் கலை மண்டபத்துக்கு வயது ஐம்பத்திரண்டு.
கூரை ஆணிகளைக் கடல் தின்றுகொண்டிருக்கிறது,
அவசரமில்லாமல்.
மழைக்கு மேடையில் ஆர் பேசினாலும்
கூரைதான் பேசும்.
போன மார்கழியில் அரசனாய் நின்ற டிலக்சனா
"மந்திரியாரே, மாதம் மும்மாரி பொழிகிறதா?"
என்று கேட்டபோது
சனம் சிரித்த சிரிப்பில்
நாடகம் அங்கேயே முடிந்தது.

நான் பொருளாளர்.
பகலில் நெல் ஆலைக் கணக்கு,
இரவில் மண்டபக் கணக்கு.
இரண்டிலும் பதர் உண்டு.

சிறுபோகம் வெட்டி முடிய
சாகாமத்திலிருந்து பதினொரு மூட்டை நெல் வந்தது.
நெல்லுக்குப் போடமாட்டோம், காசுக்குத்தான் என்றது சபை.
விற்றோம்.
அந்தக் கிழமை விலை விழுந்திருந்தது.
மூட்டைக்கு இருநூறு எங்களிடமிருந்து போனது.
சபையிடமிருந்தும் இருநூறு போனதென்று
நான் மட்டும் கணக்குப் பார்த்தேன்.

ஆசாரி விநாயகமூர்த்தி
ஆறு நாள் சும்மா வந்து கைமரம் சீவித் தந்தார்.
சும்மா செய்தது கணக்கில் வராது.
"அப்ப நான் கூலி கேட்டிருக்கவேணும், என்ன கா?"
என்னிடம் பதில் இல்லை.
பற்றுச்சீட்டுப் புத்தகத்திலும் இல்லை.

சவுண்ட்ஸ் பேரின்பராசா
மண்டபம் தனக்குத் தரவேண்டிய நாற்பத்தோராயிரத்தை
விட்டுத் தந்தார்.
விட்ட கடன் வரவல்ல.
டுபாயிலிருந்து ஒருவர் இருபதாயிரம் போட்டார்.
அந்த மேடையில் ஒரு பிள்ளை ஆடிய ஆட்டத்தை
இன்னும் மறக்கவில்லையாம்.
மனைவிக்குச் சொல்லவேண்டாம் என்றார்.
அது வரவு.

ஆறு இலட்சத்து எட்டாயிரத்து நானூறு.
சபையும் அதையே போட்டது, சதம் பிசகாமல்.
கூட்டினால்
பாதிக் கூரை.

எந்தப் பாதி?
அன்றிரவு மண்டபத்துக்குள் நடந்ததுதான்
இந்த வருசத்தின் நல்ல நாடகம்.
மேடைக்கு என்றார்கள் ஆடுகிறவர்கள்:
வயர், திரை, மத்தளம்.
சனத்துக்கு என்றார்கள் டிக்கட் எடுக்கிறவர்கள்.
ஒருவர் கதிரையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே போனார்.
அது அவர் அன்பளித்த கதிரை.
கடைசியில் டிலக்சனாதான் எழும்பினாள்.
"நனைஞ்ச அரசனப் பாக்க சனம் வரும்.
நனைஞ்ச கதிரையில ஆர் இருப்பான்?"
கை உயர்த்தினோம்.

ஐப்பசிக் கடைசியில் ஷீட் ஏறியது.
தொழில்நுட்ப உத்தியோகத்தர் றினோஸா
அக்கரைப்பற்றிலிருந்து வந்து அளந்தார்.
குறையில்லை என்று எழுதினார்.

கார்த்திகை மழையின் முதல் இரவு
புதிய பாதி ஒழுகவில்லை.
பழைய பாதி வழமைபோல் ஒழுகியது,
அதன் ஓட்டைகளுக்கெல்லாம் எங்களிடம் வாளி உண்டு.
பழையதும் புதியதும் தொடும் இடத்தில்,
மேடைக்கும் சனத்துக்கும் நடுவே,
சுவரிலிருந்து சுவர்வரை
தண்ணீர்.
கயிறு இழுக்க ஆளில்லாமல்
தானே விழுந்த திரை.

மதிப்பீட்டில் செய்யும் பாதி இருந்தது.
செய்யாத பாதியும் இருந்தது, பிற்சேர்க்கையாக.
இரண்டும் சேரும் இடத்தை
ஒருவரும் எழுதவில்லை.

காலையில் றினோஸா வந்தார்.
மண்டபத்துக்குள்ளும் குடையை மடக்கவில்லை.
"பொருத்துத் தகடு போடவேணும்.
இருபத்து மூவாயிரம் வரும்."
மறுகா, குரலைத் தாழ்த்தி,
"பாதி நாங்க போடலாம்."

பதினோராயிரத்து ஐந்நூறு.
பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் மேல் தாள் நனைந்திருந்தது.
கிழித்துவிட்டு
டுபாய்க்காரரின் நம்பரைத் தேடினேன்.
அங்கே நேரம் ஒன்றரை மணி பின்னால்,
மனைவி பக்கத்தில் இருக்கக்கூடும்.
ஒரு மிஸ்ட் கோல் மட்டும் கொடுத்துவிட்டு
வாளியை நகர்த்தினேன்.