நிறத்துக்கான காரணம்

மாவட்ட உதைபந்தாட்டச் சங்கத்தின் படிவம்
ஏழாம் கேள்வியில் நிற்கிறது:
கழகத்தின் நிறம். அதற்கான காரணம்.
நிறத்துக்கு அரை வரி, காரணத்துக்கு இரண்டு.

கறுப்பு என்று எழுதிவிட்டேன்.
மறுகா பேனா நகரவில்லை.

திராய்மடுவில் அப்போது தகரக் கொட்டில்கள்.
நாவலடியில் பதினெட்டுப் பேராய் இருந்த கழகத்தில்
ஏழு பேர் மிஞ்சியிருந்தோம்.
நிவாரண லொறி பொதியை உதறிவிட்டுப் போனது:
குளிர்தேசத்துக் கம்பளிக் கோட்டுகள்,
ஒற்றைச் சப்பாத்துகள்,
ஒரு கலியாணக் கவுண்,
அடியில், சணல் கயிற்றால் கட்டிய
பதினான்கு கறுப்பு ஜேசி.
நெஞ்சுச் சின்னம் தோய்த்துத் தோய்த்து அழிந்து
எந்த நாட்டு எழுத்தென்று தெரியவில்லை.
ஒன்பதாம் இலக்கத்தின் கக்கத்தில்
யாரோ சிவப்பு நூலால் தைத்திருந்தார்கள்,
கோபத்தோடு தைத்த தையல்.

"கறுப்பா?" என்றார் வசந்தமலர் அக்கா.
மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே நாளில்
முப்பத்தொன்று செய்தவர்.
"இருக்கிற கறுப்புக் காணாதா உங்களுக்கு?"
தலை குனிந்து போட்டுக்கொண்டோம்.

வெபர் மைதானத்தில் முதல் ஆட்டம்.
சனம் எழுந்து நின்றது.
கடல் கொண்டவர்களுக்கான கறுப்பென்று
ஒலிபெருக்கிக்காரன் தானாகவே சொன்னான்.
நாங்கள் மறுக்கவில்லை.
ஆறுக்கு ஒன்று தோற்றோம்.
அந்த ஒன்றை அடித்த மெல்றோய் செலர்,
டச்பார்ப் பறங்கி வீட்டுப் பொடியன்,
தன் வீட்டுப் போர்த்துக்கேயத்தில் என்னவோ கத்தினான்.
அந்தப் பாசை விளங்கும் ஆட்கள்
அன்றைக்கு மைதானத்தில் இரண்டு பேர் இருந்திருக்கலாம்.

போன மாரியில்
எங்கள் வலது பின்காப்பு யதுர்ஷன் போலந்துக்குப் போனான்.
கோழி வெட்டும் தொழிற்சாலை, இரவு வேலை.
வார்சாவில் ஒரு ஞாயிறு, ட்ராமுக்குள் இருந்து குரல் அனுப்பினான்:
"செக்கட்டரி, எங்கட ஜேசி இஞ்ச நடந்து திரியுது.
ஒரு சனமே போட்டிருக்கு."

பொலோனியா.
நாட்டின் பெயரையே வைத்துக்கொண்ட கழகம்,
நாடு இல்லாத காலத்தில்.
மூன்று பேரரசுகள் பங்கு போட்டு
வரைபடத்தில் போலந்தென்று ஒன்று இல்லாத நாளில் தொடங்கியது.
அந்தத் துக்கத்துக்குத்தான் கறுப்பு என்கிறார்களாம்.
மறுகா ஜேர்மன்காரன் வந்து பந்தாட்டத்தைத் தடுத்தான்,
இவர்கள் ஒளித்து ஆடினார்கள்.
இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது.
எங்கள் மைதானத்து ஓரம் முகாம் இருந்த வருசங்களில்
முள்ளுக்கம்பிக்கு அப்பால் விழுந்த பந்தை
அடையாள அட்டையோடு போய்க் கேட்க வேணும்.
எட்டுப் பந்து அங்கேயே கிடந்து இறந்தது.

காசில்லாமல் கவிழ்ந்து
கீழ்ப்பிரிவில் இருந்து திரும்ப ஏறியதாம் அந்தக் கழகம்.
"கறுப்புச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, சிவப்புக் காலுறை"
என்று பட்டியல் சொன்னான் யதுர்ஷன்.
பள்ளிக்கூடத்து வெள்ளைக் கால்சட்டை எங்களிடம் எப்போதும் உண்டு.
காலுறை வாங்கியதில்லை. ஆனால்
திராய்மடுக் கிறவல் ரோட்டில் மைதானம் மட்டும் நடந்தால்
முழங்கால் வரை சிவப்பு.

படிவத்தை எடுத்தேன்.
வடிவான காரணம், இரண்டு வரிக்குள் அடங்கும்.

எழுத முதல் அடுத்த குரல் வந்தது.
கேற்றில் டிக்கெட் கிழிக்கிற மனிசன் சொன்னானாம்:
"துக்கமோ? ஆர் கண்டது.
அண்டைக்குக் கடையில கறுப்புத்தான் இருந்திருக்கும்.
மிச்சமெல்லாம் நாங்க போட்டுப் போட்டு உண்டாக்கினது."

யதுர்ஷனின் குரலில் ஏமாற்றம்.
எனக்கோ அந்த டிக்கெட்காரனுக்கு
ஒரு பிளேன்ரீ வாங்கிக் கொடுக்க வேணும் போலிருந்தது.

ஒன்பதாம் இலக்கம் இன்னும் கிடக்கு.
தோய்ப்பது வசந்தமலர் அக்காதான்.
சிவப்பு நூல் அறுந்த இடத்தில்
பச்சை நூல் போட்டிருக்கிறார்,
அதே கோபத்தோடு.

நாளைக்கு நாலு மணிக்குள் படிவம் கொடுக்க வேணும்.
காரணம்: வேறு உடுப்பு இருக்கவில்லை.

இன்னும் ஒரு வரி மிச்சம்.
அதை வெட்டாமல் விட்டேன்.