அளவு

பொங்கல் முடிந்ததும் ஒரு சுற்றறிக்கை வரும்.
காலணிக்கு அளவெடுத்து அனுப்புக.
மராத்தியில் நாலு வரி,
கீழே வார்டு ஆபீஸ் முத்திரை.

தாராவியில் எங்கள் மாநகராட்சிப் பள்ளியின்
தமிழ்ப் பிரிவு இரண்டாம் மாடியில்.
வராந்தாவில் சாக்பீஸோடு உட்கார்வேன்.
ஒவ்வொரு பிள்ளையாக வந்து
பழைய பதிவேட்டின் அட்டைமேல் மிதிக்கும்.
குதிகாலில் ஒரு கோடு, பெருவிரலில் ஒரு கோடு.
இரண்டுக்கும் நடுவே இருப்பதுதான்
அரசாங்கத்துக்குத் தெரிந்த பிள்ளை.

எசக்கிராஜ் கூச்சத்தில் விரலை மடக்குவான்.
கால் கழுவித்தான் வந்தேன் டீச்சர் என்பாள்
ரெஜினா, யாரும் கேட்காமலே.

ஜூனில் பள்ளி திறக்கும், வானமும் திறக்கும்.
ஷூ வராது.
டெண்டர் என்பார்கள், கோர்ட் என்பார்கள்,
லாரி பிவண்டியில் நிற்கிறது என்பார்கள்.
பிள்ளையாரைக் கடலில் விட்டு வந்த பிறகு
ஒருநாள் மூட்டைகள் இறங்கும்.
அதற்குள் கால்கள் வளர்ந்திருக்கும்.
கால் வளர டெண்டர் கிடையாது.

அன்றைக்குப் பாடம் இல்லை,
பிரார்த்தனைக் கூடத்தில் சந்தை.
ஆறாவதின் ஷூ ஐந்தாவதுக்கு,
ஏழாவதின் ஷூ ஆறாவதுக்கு.
ஏழாவதுக்குத் தர மேலே ஆளில்லை.
ஏழாவது எப்போதும் ரப்பர் செருப்புதான்.

மதியழகிக்கு உதவித்தொகையும் வரவேண்டும்.
எங்கள் பதிவேட்டில் மதியழகி
ஆதாரில் மதியளகி
வங்கியில் மதியலகி.
மூன்று பெண்கள், ஒரு தொகை,
ஒருத்திக்கும் கிடைக்கவில்லை.
அவள் அம்மா சயான் கிளைக்கு ஐந்துமுறை போய்விட்டாள்.
ஒவ்வொரு முறைக்கும் அரைநாள் கூலி.
கணக்குப் போட்டுப் பார்த்தேன்:
இன்னும் இரண்டு தடவை போனால்
வரவேண்டியதும் போனதும் நேராகிவிடும்.
ஆறாவது முறை நானும் போனேன்.
கவுன்டர் பையனுக்குச் சொல்லிக் காட்டினேன்,
நாக்கை மடி, மேலே கொண்டுபோ, தொடாதே: ழ.
பாவம், அவனும் முயன்றான்.
மூவரும் சிரித்துவிட்டோம்.
விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது.

இந்தத் தடவை அளவெடுக்கும்போது
ஒரு பொய் எழுதினேன்.
எல்லோருக்கும் ஒன்றைக் கூட்டிப் போட்டேன்.
அட்டையில் நின்ற கால் அல்ல,
லாரி வந்துசேரும் நாளில்
இருக்கப்போகிற கால்.
மோசஸ் சார் பட்டியலைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
கையெழுத்துப் போட்டார்.

பள்ளி திறந்த இரண்டாம் நாள்
எட்டேகாலுக்கு
வாசலில் லாரி.

புதிதாய் வந்த அதிகாரி யாரோ, கறாரான ஆளாம்.
போட்டோ எடுக்கக்கூட ஒருவர் வந்திருந்தார்.
தலைக்கொரு பெட்டி, பெட்டிமேல் பெயர்.
மதியலகி என்று வாசித்தார் போட்டோக்காரர்.
தயங்காமல் எழுந்து வந்தாள்.

எல்லாம் பெரிது.
குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைகிறது.

தோல் பட்டறையில் பை தைக்கிறவர் அவள் அப்பா.
ஷூவின் அடியை வளைத்துப் பார்த்தார், முகர்ந்தார்.
நல்ல சாமான்தான் டீச்சர்,
அளவெடுத்தவன்தான் குருடன்.
மூட்டைகளை எண்ணுகிறவள்போலக் குனிந்துகொண்டேன்.

முனையில் அடைக்கக் காகிதம் கேட்டார்கள்.
அலமாரியில் பத்து வருடச் சுற்றறிக்கை இருந்தது.
கிழித்துக் கிழித்துக் கொடுத்தேன்.
அளவெடுத்து அனுப்புக
இப்போது எசக்கிராஜின் பெருவிரலுக்கு முன்னால்
கசங்கிக் கிடக்கிறது.

வெளியே விடாத மழை.
மாடிப்படியில் டொப் டொப்பென்று
கழன்று கழன்று மாட்டிக்கொள்ளும் சத்தம்.
அதில் ஏழாவதின் சத்தமும் கேட்கிறது.

வருகிற தையில்
என்ன எண்ணை எழுதுவதென்று தெரியவில்லை.