கடலுக்கு இடம்

வியாழன் மாலை கிளாக்ஸ்விக் துறையில்
ஹானுஸின் படகு வந்து கட்டும்.
சட்டைப்பையில் ஏழு மெமரி கார்டு,
ஏழிலும் கடல்.
போன முறையும் கடல்தான், அதற்கு முந்தைய முறையும்.
பாரன்ட்ஸ் கடல்மேல் அவனுக்கு என்ன சந்தேகமோ,
பதினோரு வருடமாகச் சாட்சியம் சேர்க்கிறான்.

மாடிப்படிக்குக் கீழே, மழைபூட்ஸுகளுக்குப் பக்கத்தில்
என் சர்வர். நாலு டிஸ்க், தலைக்கு நாலு டெராபைட்.
தொண்ணூற்றாறு சதவீதம் நிரம்பி
மேல்மூச்சு வாங்குகிறது.

சனிக்கிழமை எதையும் கழற்றவில்லை.
இருப்பதையெல்லாம் ஒருமுறை வாசித்துப் பார் என்றேன்.
ஒன்பது மணி நேரம் வாசித்துவிட்டுப்
பிழை இல்லை என்றது.
அதை நம்பி ஸ்க்ரூடிரைவரை எடுக்கிறவள் இல்லை நான்.
தோர்ஸ்ஹாவ்னில் தங்கை மார்யுன் வீட்டு அலமாரியில்
இன்னொரு பிரதி கிடக்கிறது.
அதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு
ஒரு கோப்பை வரவழைத்தேன்:
நாற்பது நிமிடம் மூடுபனி.
இருபத்தாறாம் நிமிடத்தில் கேமராவுக்குப் பின்னால்
ஹானுஸ் இருமினான்.
இருமல் முழுசாக வந்தது.
சரி, தொடங்கலாம்.

மூன்றாம் துளையில் இருப்பது மூன்றாம் டிஸ்க் என்று
யாரும் எனக்கு வாக்குத் தரவில்லை.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
சீரியல் எண்ணின் கடைசி நாலெழுத்தை
ஒவ்வொன்றின் நெற்றியிலும் எழுதி ஒட்டினேன்.
மீன் தொழிற்சாலையில் பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிற கை,
இதிலா பிசகப்போகிறது?
(ஒருமுறை பிசகியிருக்கிறது.
நானூறு கிலோ காட், ஹாடக் என்ற பெயரில்
ஸ்காட்லாந்து போய்ச் சேர்ந்தது.)

ஒன்றைக் கழற்றினால்
அதன் பங்கையும் மற்ற மூன்றும் சேர்ந்து சொல்லிவிடும்.
இரண்டைக் கழற்றினால்
யாருக்கும் எதுவும் தெரியாது.
கணக்கு அவ்வளவுதான்.
புதியது வந்து உட்கார்ந்ததும்
மூன்றும் தமக்குள் கூட்டிக் கழித்து
விட்டுப்போனதை அதில் எழுதத் தொடங்கின.
பதிமூன்று மணி நேரம்.
அதற்குள் ஒருவருக்கும் காய்ச்சல் வரக்கூடாது.
வேலைக்குப் போனேன், வந்தேன்:
அறுபத்தொன்று.

"நாலையும் ஒரே நாளில் மாற்றித் தொலையேன்"
என்றான் பக்கத்து வீட்டு யாக்குப்.
"நாலு பல்லையும் ஒரே நாளில் பிடுங்குவாயா?"
பிடுங்குவானாம்.

செவ்வாய் இரவு, மூன்றாவது பாதியில் இருக்கும்போது காற்று.
கூரைத் தகரம் எழுந்து எழுந்து உட்கார்ந்தது.
விளக்கு போனது.
படிக்குக் கீழே யு.பி.எஸ். மட்டும் கீச்சிட்டது.
பதினெட்டு நிமிடம் தாங்கும்.
ஒழுங்காக நிறுத்தச் சொல்லும் கட்டளையை அடித்து
என்டர்மேல் விரலை வைத்தபடி
நிமிடங்களை எண்ணினேன்.
பதின்மூன்றில்தான் நினைவு வந்தது,
இதே காற்றில் எங்கோ ஹானுஸும் இருக்கிறான் என்று.
வெட்கமாக இருந்தது.
பதினாறில் விளக்கு வந்தது.
விரல் அங்கேயே இருந்தது.

வியாழன் பகல் பதினொன்றுக்கு நாலாவதும் முடிந்தது.
எண்ணைப் பார்த்தேன்.
மாறவில்லை.
மூன்று மாற்றியபோது ஓர் அங்குலமும் கூடாதது
தெரிந்த விஷயம்தான்:
கூட்டத்தில் எது சிறியதோ
அதன் உயரமே எல்லோருக்கும்.
ஆனால் நாலு மாற்றியுமா?
காபி ஆறி, ஏடு கட்டி,
அப்புறம் உறைத்தது:
விரிந்துகொள் என்று அதனிடம்
நான் சொல்லவேயில்லை.
ஒரு வரி. அடித்தேன்.
மூன்று மடங்கு!
பெட்டியில் ஒரு சத்தமும் இல்லை.
பூட்ஸுகள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பழைய நாலையும் அழிக்கவில்லை.
பிஸ்கட் டப்பாவில் போட்டு
ஒரு மாதம் தள்ளித் தேதி எழுதி
மூடிவைத்திருக்கிறேன்.

டீசல் வாசனையோடு வந்தான்.
கார்டுகளை ரொட்டித்தட்டில் கொட்டி
"இடம் இருக்கா, ரன்வா?" என்றான்.
"இருக்கு."
ஐந்து நாள் கதை அதற்குள் அடங்கிவிட்டது.

ஏழாவது கார்டில் ஒரு திமிங்கிலம் இருக்கிறதாம்.
முக்கால்வாசி பார்த்துவிட்டேன்.
இதுவரை
கடல்.