பென்சில் வரிசை

பாலையூற்றுக் கோயிலில் பாஸ்காவுக்குப்
பாட ஆள் எடுத்தார்கள்.
இன்னாசித்தம்பி மாஸ்டரின் கொப்பியில் நாலு பத்தி:
சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ்.
எல்லாம் பென்சிலில். சட்டைப்பையில் அழிறப்பர்.
கீபோர்டில் ஒன்றைத் தட்டி
"இதைப் பிடியுங்கோ" என்பார்.
பிடித்தால் அடுத்தது. அடுத்தது.
கழுத்து நரம்பு புடைக்கிற இடத்தில் நிறுத்தி
ஒரு பெயர் தருவார்,
இரத்த வகை சொல்வது போல.

என்னோடு அவர் மேலே ஏறவில்லை.
இறங்கினார். ஆல்டோ முடிந்தது. இறங்கினார்.
பின்வாங்கில் பேஸ்காரர் இருவர் திரும்பிப் பார்த்தார்கள்.
"கான்ட்ரால்டோ எண்டு ஒரு சொல் இருக்கு, ரெஜினா.
அதுக்கு நான் புதுசா ஒரு பத்தி கீற வேணும்."
கீறவில்லை.

லீசிங் கம்பனிக்காரன் போன் எடுத்தால்
"சேர், வீட்டில மிஸிஸ் இல்லையா?" என்பான்.
இல்லை என்பேன்.
தவணை ஒரு கிழமை தள்ளிப்போகும்.
இந்தக் குரலால் நான் கண்ட இலாபம் அவ்வளவுதான்.

உவர்மலையில் சங்கீதம் படிப்பிக்கிற மேகலாதேவி சொன்னாள்:
"எங்கட பக்கம் ஆளுக்குப் பேர் வைக்கிறேல்ல.
சுருதியைத்தான் சொல்லுவம்.
உனக்கு மூண்டு கட்டை."
கட்டைக்குரல் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னதை
இவள் எண்ணிச் சொல்கிறாள்.
மந்தரம், மத்திமம், தாரம் என்று
கையைப் படிப்படியாக உயர்த்தியும் காட்டினாள்.
தாரமாய் இருந்த பதினொரு வருசத்திலும்
தாரத்தில் நான் வாய் திறந்ததில்லை.

கன்னியாவில் கிணறு ஏழு. ஏழுக்கும் சூடு வேறு.
வாளியால் அள்ளி ஊற்றுகிறவர்கள்
இது சுடுது, அது பரவாயில்லை,
அந்த மூலைக்கிணறு பிள்ளைக்குச் சரி
என்பதோடு விட்டுவிடுகிறார்கள்.

அன்றைக்கு எனக்கு அடுத்ததாய் நின்றது என் மகன்.
போன நத்தார் வரை
சோப்ரானோவில் முதல் பெயர் ஜெனிற்றன்.
மாஸ்டர் தட்டினார். பிடித்தான். பிடித்தது நழுவி
இரண்டாய்ப் பிளந்து
ஒரு பாதி என் காலடியில் வந்து விழுந்தது.
எல்லாருக்கும் சிரிப்பு. அவன் நிலத்தைப் பார்த்தான்.
அழிறப்பர் வெளியே வந்தது.
முதல் பத்தியில் அவன் போன தூசை மாஸ்டர் ஊதினார்.
பிறகு மூன்றாம் பத்தியில் இரண்டு பெயர்,
ஒன்றன்கீழ் ஒன்று.
இரண்டுக்கும் முன்னால்
விட்டுப்போன மனிசனின் ஒரே முதலெழுத்து.

ஆண்கள் வாங்கில் சேலையை ஒதுக்கி உட்கார்ந்தேன்.
எங்களுக்கு ஒரே பாட்டுத்தாள். அவன்தான் பிடித்தான்.
தாள் கொஞ்சம் ஆடியது.
இரண்டாம் அடியில் எங்கேயோ
எது அவன், எது நான் என்று
எனக்கே தெரியாமல் போயிற்று.

வருகிற வழியில் உட்துறையில் ஒரு கப்பல் ஊதியது.
"அது பேஸ்" என்றான்.
இவன் இன்னும் இறங்குவான்,
ஆடிக்குள் என்னைத் தாண்டிப் போய்விடுவான்
என்று நினைத்தேன். சொல்லவில்லை.

இரவு போன் அடித்தது. அவன் எடுத்தான்.
"சேர், போன கிழமையும் மிஸிஸ் இல்லை எண்டனீங்கள்."
மகன் என்னைப் பார்த்தான்.
"இன்னும் வரேல்ல" என்றான்,
என் குரலில்.